வரப்பும் வரப்பிலுள்ள பனையும்

(கூட்டுறவு நாணயச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



தவணை தவறிய கடன்களின் ஜாபிதாவைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படும். மழை பொய்த்ததால் நின்ற கடன் உண்டு. உழவு மாடு இறந்ததால் நின்ற கடன் உண்டு. ஒரு சாண் வரப்பினால் நின்ற கடனும் உண்டு. விதைக்கும் எருவுக்கும் என்று எழுதிக்கொடுத்து வாங்கிய பணம் வக்கீல் வீட்டுக்குப் போய்விடுகிறது. பத்திரத்தில் மட்டும் அது விதையாகவே இருக்கிறது.

தெற்குச் சீமைப் புன்செய்களில் எல்லை தெரியும்பொருட்டு வரப்பில் வரிசையாகப் பனங்கொட்டை ஊன்றுவது பழைய வழக்கம். பனை வளர்ந்து பாளை விடுவதற்கு 12 முதல் 20 வருஷங்கள் செல்லும். ஆண்பனையா பெண்பனையா என்பதும் அதுவரை விளங்காது. ஆகவே ஊன்றியவர் பெரும்பாலும் பயனை அனுபவிப்பதில்லை. அவர் மக்கள் அனுபவிக்கின்றனர், சச்சரவிடுகிறவர்களும் அவர்களே.

ஒரு கிராமத்தில் அடுத்தடுத்த காடுகளை உடைய இரு பங்காளிகள் இருந்தனர் என்று வைத்துக்கொள்வோம். நடு வரப்பில் பாட்டனார் ஊன்றிய ஐந்து பனைகள். சங்கத்தில் இருவரும் கடன் வாங்கினர். ஒருவர் கடனுக்கு மற்றவர் ஜாமீன். மூத்தவர் ஒவ்வோர் உழவிலும் வரப்பில் நான்கு விரல் நறுக்கினார். அவர் வேண்டுமென்று செய்தாரோ, ஏர் தானே ஒதுங்கிற்றோ, அதை ஆண்டவனே அறிவான். சில வருஷங்களில் வரப்பு இளையவர் பக்கமாக நகர்ந்தது. நடுவில் நின்ற பனைகள் மூத்தவர் காட்டில் நிற்பவைபோலத் தோன்றின. அவ்வருஷம் அவர் ஐந்து மரங்களையும் தாமே பாட்டத்துக்கு விட்டார். பனையேறி கலயத்துடன் வந்தபோது இளையவர் மரத்தடியில் நின்றுகொண்டு, "பாட்டனார் ஊன்றிய மரம், அண்ணாச்சி, உமக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்?" என்றார். பனையேறி இறங்கிப் போய்விட்டார். மறுவாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

இருநூறு அடி நீளத்தில் ஓரடி நறுக்கினால் கிடைப்பது 200 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அரை சென்டுக்கும் குறைவான இந்தப் புழுதிக்காக எத்தனை வாய்தாவுக்கு பஸ் ஏறுவது?

ஆயினும் வாய் மூடியிருப்பதும் புத்தியன்று. ஒருவர் பிறர் நிலத்தைத் தமதென்று பகிரங்கமாக 12 வருஷம் தடையின்றி ஆண்டுவந்தால், 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி உரியவர் அதை மீட்கும் பாத்தியத்தையே இழக்க நேரிடும். ஆகவே சந்தேகம் தோன்றிய முதல் வருஷத்திலேயே அளந்து பார்த்துவிட வேண்டும். புலப்படத்தில் ஒவ்வொரு சர்வே கல்லின் இடமும் குறிக்கப்பட்டிருக்கிறது. கட்டணம் செலுத்தி மனுக் கொடுத்தால் நில அளவர் வந்து, பக்கத்து நிலத்தாருக்கும் அறிவித்து அளந்து காட்டுவார். 1923-ஆம் வருஷத்து நில அளவை, எல்லைச் சட்டப்படி கல்லைப் பேணும் கடமை நிலத்துக்காரருடையது. சர்க்கார் நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்குவதோ நகர்த்துவதோ தண்டனைக்குரிய குற்றம்.

மரத்தின் பாத்தியம் அடிமரம் நிற்கும் மண்ணைப் பொறுத்தது. நிழல் விழும் இடத்தைப் பொறுத்ததன்று. எல்லை தாண்டி வந்த புளியங்கிளையை எல்லைக்கோடு வரையில் கழிக்கலாம். ஆனால் கழித்த கிளையும் அதிலுள்ள காயும் மரத்துக்காரருடையவை. அடுத்தவர் தோட்டத்துள் இறங்கி வெட்டவும் ஒருவருக்கும் உரிமை இல்லை.

கோபத்தில் மரத்தையே வீழ்த்திவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மூத்தவர் அவ்வாறே கைமரத்துக்கென்று விலை பேசி ஆளும் அழைத்துவிட்டார். பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டதை, வந்த ஆளே எடுத்துச் சொல்லித் திரும்பினார். சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையார் அனுமதியின்றித் தொடலாகாது. மலைப்பகுதிகளில் மரங்களைக் காக்க 1955-ஆம் வருஷம் முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

இதைச் சங்கமே விசாரித்துத் தீர்க்கலாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. 1983-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆம் பிரிவு, சங்கத்தின் அமைப்பு, நிர்வாகம், அலுவல் ஆகியவை பற்றிய தாவாக்களுக்கே உரியது. வரப்புத் தாவா அதில் அடங்காது. எனினும் பஞ்சாயத்தார் இருவரையும் அழைத்து உட்கார்த்தி, நில அளவர் வரும்வரை ஏரும் அரிவாளும் அவ்விடம் போகாமல் பார்த்துக்கொள்ளலாமன்றோ? அக்கிராமத்துப் பஞ்சாயத்தார் செய்தது அதுவே.

நில அளவர் வந்தார். ஒரு கோடியிலிருந்த கல் முழங்கால் ஆழத்தில் புதைந்து கிடந்தது. கயிறு பிடித்துப் பார்த்ததில் மூன்று பனைகள் கோட்டின் மேலும், இரண்டு இளையவர் பக்கத்திலும் நின்றன. மூன்றையும் ஒரு வருஷம் ஒருவர், மறுவருஷம் மற்றவர் அனுபவிப்பதென்று எழுதிக் கையெழுத்திட்டனர். மூத்தவரின் கடன் அதற்குள் தவணை தவறிவிட்டமையால் ஜாமீன்தாரருக்குச் சங்கத்தின் நோட்டீஸ் போயிருந்தது. அபராத வட்டியை இருவரும் பாதிப்பாதியாகக் கட்டினர். பதநீர்ப் பருவம் மட்டும் கடந்துபோயிற்று. பனையேறி குடும்பத்துடன் வேற்றூருக்குப் போயிருந்தார்.