கல் சொன்னதும் அவர் சொன்னதும்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



கண்ட நகர்வைப் பற்றி நடத்தும்போது 'குளோசாப்டெரிஸ்' என்ற பெயரை நாம் கரும்பலகையில் எழுதுகிறோம். நாக்கு வடிவ இலைகொண்ட தொல்தாவரம் அது. இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவை ஒரு காலத்தில் ஒரே நிலப்பரப்பாக இருந்தன என்பதற்கு அதன் புதைபடிவங்கள் சான்று. அந்தப் பாடத்தோடு நான் மேரி ஸ்டோப்ஸின் வாழ்க்கையையும் சொல்வது வழக்கம்.

1880-இல் எடின்பரோவில் பிறந்தவர். லண்டனில் தாவரவியல் படித்தார். 1904-இல் மியூனிக்கில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழக அறிவியல் புலத்தின் முதல் பெண் ஆசிரியரானார். புதைபடிவங்களைத் தேடி ஜப்பான் வரை சென்றார். நிலக்கரியில் கண்ணுக்குத் தெரியும் பட்டைகளை நான்காக வகைப்படுத்தி, 1919-இல் பெயரிட்டார். கவிஞரும்கூட, 1914-இல் அவரது கவிதைத் தொகுப்பு வெளிவந்தது.

தென் துருவத்துக்குப் புறப்படவிருந்த கேப்டன் ஸ்காட்டிடம், தன்னையும் அழைத்துச் செல்லும்படி அவர் கேட்டார். ஸ்காட் மறுத்துவிட்டார். 1912-இல் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்காட் உட்பட ஐவரும் இறந்தனர். பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட கூடாரத்தில் மூவரின் உடல்களும், அதனருகே சுமார் 16 கிலோ பாறைத் துண்டுகளும் கிடைத்தன. உயிர் போகும் நிலையிலும் அவற்றை அவர்கள் வீசி எறியவில்லை. அவற்றில் குளோசாப்டெரிஸ் இருந்தது.

இந்த இடத்தில் வகுப்பே அமைதியாகிவிடும். பல ஆண்டுகள் நானும் கதையை இங்கேயே முடித்தேன். அது பாதிக் கதை என்று எனக்குத் தெரியும்.

மீதி இதுதான். 1921-இல், அடுத்தடுத்த பேறுகளால் நலிந்த பெண்களுக்காக லண்டனில் குடும்பக் கட்டுப்பாட்டு மையம் ஒன்றை ஸ்டோப்ஸ் தொடங்கினார். அது பெரிய பணி. ஆனால் 'தரமானவர்' மட்டுமே பிள்ளை பெற வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கையையும் அவர் தீவிரமாக ஆதரித்தார். 1939-இல் தன் காதல் கவிதை நூலை ஹிட்லருக்கு அனுப்பினார். மகன் மணக்க விரும்பிய பெண்ணுக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி அணிவார். அதற்காகவே அந்தத் திருமணத்தை எதிர்த்தார்; மகனையும் ஒதுக்கினார். அவர் பெயரில் இயங்கிய பன்னாட்டு அமைப்பு, 2020-இல் அந்தப் பெயரைக் கைவிட்டது.

முதன்முறையாக முழுவதையும் சொன்ன அன்று, முன் வரிசையில் கண்ணாடி அணிந்த ஒரு மாணவி எழுந்தாள்.

"அப்போ என்னையும் வேண்டாம்னு சொல்லியிருப்பாங்களா, மிஸ்?"

"ஆமாம்மா, சொல்லியிருப்பாங்க. அது தப்பு" என்றேன்.

சற்று யோசித்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டாள்: "அப்போ நிலக்கரியைப் பத்தி அவங்க சொன்னதும் தப்பா?"

அன்றைய பாடமே அந்தக் கேள்விதான். நிலக்கரியைப் பற்றி அவர் சொன்னதைக் கல்லை வைத்துச் சோதிக்கலாம், அது நின்றது. மனிதர்களைப் பற்றி அவர் சொன்னதற்கு அப்படி ஓர் ஆதாரம் இல்லை. அறிவியலாளர் சொன்னார் என்பதால் மட்டும் ஒன்று அறிவியல் ஆகிவிடாது. பிள்ளைகளே பேசிப் பேசி இந்த முடிவுக்கு வந்தார்கள்.

அன்று மாலை ஆசிரியர் அறையில் என் மேசைமீது 'மெல்லக் கற்போர்' பட்டியல் இருந்தது. உதவி செய்யத்தான் அதைத் தயாரிக்கிறோம். ஆனால் அதிலுள்ள பெயர்களை வகுப்பில் எத்தனை முறை உரக்க வாசித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அதன்பின் வாசிப்பதில்லை.

சாதனையாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது முழுவதையும் சொல்லுங்கள். பிள்ளைகள் தாங்குவார்கள்.