கடனும் சேமிப்பும்



திருமணத்திற்கும் ஈமச்சடங்கிற்கும் நம் முன்னோர் பண்ணையாரிடம் பெற்ற சிறு கடனே, பல தலைமுறைகளைப் பண்ணையாட்களாகக் கட்டிப்போட்டது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அக்கடன்களைச் செல்லாதனவாக்கியது. கந்துவட்டித் தடைச் சட்டமும் 2003இல் வந்தது. ஆயினும், கடன் இன்று தண்டல் வடிவில் நம் வாயிலில் நிற்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் ரூபாய்த் தண்டலில் 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டால், நாம் பெறுவது 8,500 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் கட்டுகிறோம். அதே 100 ரூபாயை நாள்தோறும் அஞ்சலகத்தில் சேர்த்துவந்தால், 85ஆம் நாளிலேயே 8,500 ரூபாய் நம்முடையதாகிவிடும். எஞ்சிய 15 நாள் பணம் யாருக்குப் போகிறது? ஆண்டில் மும்முறை தண்டல் வாங்கினால் 4,500 ரூபாய் இழக்கிறோம். அது நம் பிள்ளைகளின் புத்தகத்திற்கும் கட்டணத்திற்கும் உரிய பணமன்றோ?

நோய் காத்திராது என்பதை அறிவோம். அதற்காகவே சேமிப்பு முன்கூட்டியே இருத்தல் வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியோ 85 நாட்கள் காத்திருக்கும். தண்டல் கட்ட இயன்ற நம்மால் சேமிக்கவும் இயலும். இளைஞர்களே, இவ்வாரமே அஞ்சலகக் கணக்கைத் தொடங்குவோம்!