மணிக்கொரு சொட்டு
(ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் செவிலியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



கண் ஊழியம் என்றதும் கண்புரை அறுவைச் சிகிச்சைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதில் வியப்பில்லை. பழனி மலையடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்தில் 1955இல் தொடங்கிய கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவமனையும், மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், புரை என்றால் பயப்பட வேண்டாம் என்று இப்பகுதி மக்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன. நாங்கள் இன்று சொல்ல வந்தது கத்தியைவிடச் சொட்டு மருந்தையே அதிகம் நம்பியிருக்கும் நோய்: கருவிழிப் புண்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழம் பறிக்கையில் வளைத்த கிளை கைநழுவிக் கண்ணில் அடிக்கும். சிறு கீறல்தான். அன்றைய கூலியை விட்டுவிட்டு வத்தலக்குண்டு பேருந்தில் யார் இறங்கி வருவார்கள்? தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள், இலைச்சாறு பிழிவார்கள். அதைவிட ஆபத்து, "கண் சிவப்புக்கு" என்று கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. சிவப்பு குறையும், வலியும் மட்டுப்படும். உள்ளே பூஞ்சை வளரும்.

மதுரையில் 434 கருவிழிப் புண் நோயாளிகளைப் பார்த்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சையே காரணம். குளிர்நாடுகளில் இப்படி இல்லை. 2006இல் வெளியான இன்னொரு மதுரை ஆய்வு நம்பிக்கை தருகிறது. கீறல் பட்டதும் கிராம சுகாதாரப் பணியாளரிடம் வந்து, மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் களிம்பு போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் புண்ணாகாமலே ஆறிவிட்டது.

பூஞ்சைப் புண் வந்துவிட்டால் நேட்டமைசின் சொட்டு மருந்து. பழைய மருந்துதான். புதிய வோரிகோனசோலோடு ஒப்பிட்டு 2013இல் வெளியான அரவிந்த் ஆய்விலும் இதுவே மேலாக நின்றது. ஆனால் முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் விடவேண்டும். பிறகும் பல வாரம் தொடரவேண்டும். புண் கடுமையானால் இரவிலும் எழுப்புவோம். இங்கேதான் செவிலியரின் வேலை. கை கழுவி, புட்டியை நன்றாகக் குலுக்கி (மருந்து அடியில் தங்கிவிடும்), கீழிமையை மெல்ல இழுத்து, நுனி இமையில் படாமல் ஒரே சொட்டு. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டமாட்டோம். கட்டினால் உள்ளே வெப்பமும் ஈரமும் சேர்ந்து கிருமிக்கு வசதியாகிவிடும். துணைக்கு வந்தவரையே சொட்டு விடச் சொல்லிப் பழக்கிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவோம்.

மெட்ராஸ் ஐ வேறு. அது பெரும்பாலும் தானே ஆறும். தனித் துண்டும் கை கழுவலும் போதும். சிவப்போடு கடும் வலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

தோட்டத் தொழிலாளியான ஒரு அம்மா பன்னிரண்டாம் நாள்தான் எங்களிடம் வந்தார், கையில் ஸ்டீராய்டு புட்டியோடு. ஐந்து நாளில் வலி குறைந்தது. உடனே, "ஆட்டுக்குட்டிகளை யார் பார்ப்பா சிஸ்டர்? நான் போறேன்" என்று பையைக் கட்டிவிட்டார். இப்படி நடுவில் போகிறவர்களே கண்ணை இழக்கிறார்கள். மகளை வரவழைத்து, அவருக்கும் சாப்பாடு கொடுத்து, மூன்று வாரம் இருக்க வைத்தோம். கண் பிழைத்தது, கருவிழியில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் விரல்களை எண்ணுகிறார், எழுத்து தெரியாது. முதல் நாளே வந்திருந்தால் ஒரு களிம்புக் குழாயோடு முடிந்திருக்கும்.

உங்கள் காணிக்கையில் மருந்துச் செலவு ஒரு பங்குதான். துணைக்கு வருகிறவரின் சாப்பாடு, திரும்ப வந்து காட்டுவதற்குப் பேருந்துக் கட்டணம், இரவுப் பணிக்கு இன்னொரு செவிலியர் ஆகியவற்றுக்கே மீதியெல்லாம் போகிறது. காப்பி பறிப்பு தொடங்குமுன் தோட்டக் குடியிருப்புகளில் ஆளுக்கொரு களிம்புக் குழாயோடு பணியாளர்களை நிறுத்த விரும்புகிறோம். அதற்கான பட்டியலை வாசலில் வைத்திருக்கிறோம்.