கொள்கை வேறு, காரியம் ஒன்று



இவ்வூரில் வாசகசாலை, தொழிலாளர் சங்கம், மாதர் சங்கம் ஆக மூன்று ஸ்தாபனங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். சந்தோஷம். ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்கென்று மூன்றும் தனித்தனியே இரவுப் பள்ளிக்கூடம் வைத்து, மூன்றும் மூடிப்போய் விட்டனவாம். ஏன் சேர்ந்து நடத்தவில்லை என்றால், "அவர்கள் கொள்கை வேறு, எங்கள் கொள்கை வேறு" என்கிறார்கள். கொள்கை முழுதும் ஒன்றானால்தான் கூட வேண்டுமென்றால் உலகில் எந்த இரண்டு சங்கமாவது கூட முடியுமா?

1938 ஏப்ரலில் சென்னை மாகாணத்தில் 125 பள்ளிக்கூடங்களில் இந்தி கட்டாயமென்று சர்க்கார் உத்தரவு போட்டது. எதிர்த்தவர்கள் யார்? கடவுள் இல்லை என்ற பெரியார், சைவரான மறைமலையடிகள், புலவர் சோமசுந்தர பாரதியார், ஜஸ்டிஸ் கட்சியார், முஸ்லிம் தோழர்கள். அடிகள் சைவத்தை விடவில்லை. நாமும் பகுத்தறிவை மூட்டை கட்டி வைக்கவில்லை. கட்டாய இந்தி ஒழிய வேண்டுமென்ற ஒரு காரியத்திற்கு மாத்திரமே கூடினோம்.

வேலையும் பிரிந்து நடந்தது. புலவர்கள் காரணம் காட்டினார்கள். பத்திரிகைகள் பரப்பின. ஆகஸ்டு 1ந் தேதி திருச்சியிலிருந்து புறப்பட்ட தமிழர் படை செப்டம்பர் 11ல் சென்னை சேர்ந்தது. நவம்பர் 13ல் பெண்கள் மாநாடு கூடிற்று. பின் பெண்களும் சிறை புகுந்தார்கள். 1939ல் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தால் மாண்டார்கள். இது எந்தச் சங்கத்துப் பிணம் என்று நாம் பங்கு போட்டோமா? 1940 பிப்ரவரி 21ல் கட்டாயம் ரத்தாயிற்று. மந்திரிசபை 1939லேயே யுத்தப் பிரச்சினையில் ராஜினாமாச் செய்து விட்டது என்பதும் உண்மையே. ஆனால் கிளர்ச்சி இல்லாதிருந்தால் அடுத்து வந்த கவர்னர் ஆட்சி இதைத் தொட்டிருக்குமா?

ஆகவே தோழர்களே, உங்கள் வாசகசாலைக்குக் கட்டிடமும் விளக்கும் உண்டு. சொல்லிக் கொடுக்க ஆளில்லை. மாதர் சங்கத்தில் படித்த பெண்கள் உண்டு; இடமில்லை. தொழிலாளர் சங்கத்தில் பிள்ளைகளும் மாதச் சந்தாவும் உண்டு. மற்ற இரண்டும் இல்லை. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

காரியம் இன்னதென்று எழுதிக் கொள்ளுங்கள். யார் எதற்குப் பொறுப்பென்று எழுதுங்கள். வரவு செலவை மாதந்தோறும் பொதுவில் படியுங்கள். பிறர் கொள்கையைப் பள்ளிக்கூடத்திற்குள் கிளறாதீர்கள். அதற்கு உங்கள் சொந்த மேடை இருக்கிறது. "யாரால் நடந்தது" என்ற பெருமையைக் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம். நாம் தகராறு செய்யும் ஒவ்வொரு நாளும் நஷ்டம் நமக்கல்ல, எழுத்தறியாத அப்பிள்ளைகளுக்கே என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.