மடியில் பிள்ளை, கையில் நார்



நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் ஆரல்வாய்மொழிக்கு முன்னால் இருக்கிறது தோவாளை. கோழி கூவுமுன்பே அங்கே பூச்சந்தை கூடிவிடும். உள்ளூர்ப் பிச்சியும் அரளியும் ஒரு பக்கம், வெளியூரிலிருந்து வந்த ரோஜாவும் கேந்தியும் வாடாமல்லியும் இன்னொரு பக்கம். விடிந்து வெயில் ஏறுவதற்குள் பெரும் பங்கு கேரளத்துக்கு வண்டியேறிவிடும்.

சந்தையின் இரைச்சல் இவ்வளவுதான். அதன் மறுபாதி ஓசையில்லாமல் வீட்டுத் திண்ணைகளில் நடக்கிறது. உதிரிப்பூ சரமாவது அங்கேதான். கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் பலர் கைக்குழந்தைக்காரிகள். மணிக்கணக்குச் சம்பளம் கிடையாது. கட்டின அளவுக்குக் கூலி. பிள்ளை சிணுங்கினால் நாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொள்ளலாம். உலை பொங்கினால் ஓடிப்போய் இறக்கிவிட்டு வரலாம். அவசரமென்றால் பக்கத்து வீட்டு மைனி பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொள்வாள்.

தாய்மைக்கு இதைவிட இணக்கமான பகுதிநேர வேலை ஏது என்று தோன்றும். கண்ணி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் தலையில் சூடும் மாலை என்று ஒரு பொருள். சிக்கவைக்கும் வலை என்று இன்னொரு பொருள். இந்த வேலைக்கு இரண்டுமே பொருந்தும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதாலேயே அது எப்போதும் முடிவதில்லை. வீட்டுக்குள் நடப்பதாலேயே அது வேலையென்றும் கணக்கில் வருவதில்லை. வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996ஆம் ஆண்டிலேயே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. 2017இல் நம் நாட்டுச் சட்டம் தந்த 26 வாரப் பேறுகால விடுப்பும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான். திண்ணைக்கு ஏது வருகைப் பதிவேடு?

சரி, பூக் கட்டும் இந்தத் தாய்மார்களின் வாழ்க்கையில் படிப்பு எங்கே வருகிறது? 2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் கன்னியாகுமரி. பிளஸ் டூ முடித்த கையும் பூக் கட்டுகிறது. கல்யாணத்தோடு நின்றுபோன பட்டப்படிப்பை எட்டிப் பிடிக்க, 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வழி விட்டிருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு அது கிடையாது. பிள்ளையை வைத்துக்கொண்டு படிக்கிறவள் அந்த வழியாகத்தானே வருகிறாள்?

பணத்தைக்கூடப் புரட்டிவிடலாம், பொழுதைப் புரட்ட முடியாது. 2024இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் கொடுக்கிறாள் என்று தெரியவந்தது. அதே வேலையில் ஆணின் பங்கு 88 நிமிடம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை, அது தனிக்கணக்கு.

இதில் கால் மணி நேரம் மிச்சம் பிடித்துக் கொடுப்பதுகூடப் பெரிய உதவி. 2022இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன காலை உணவுத் திட்டத்தைப் பிள்ளைகளின் பசியை வைத்தே பேசுகிறோம். காலை ஏழு மணிக்கு அடுப்புக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நிற்கிற தாயை வைத்தும் பேசலாம்.

சரம் தொடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பழகிய விரல் தானாக ஓடும், காது சும்மா இருக்கும். செல்போனில் பாடத்தை ஓடவிட்டுக் கேட்கலாம். மாணிக்கமாலையில் அது நடக்காது. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்து, மணிக்கல் பதித்ததுபோல் வரிசை பிசகாமல் கோக்க வேண்டும்; கண் அங்கிங்கு நகரக்கூடாது. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளைப் பெருமை அது.

ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி 2024இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானது நேயர்களுக்கு நினைவிருக்கும். மெச்ச வேண்டியதுதான். என்றாலும் அந்தப் பாட்டை எல்லாத் தாய்மார்களுக்கும் அளவுகோலாக நீட்டிவிடக் கூடாது.

தோவாளைக்காரியின் தேர்வுக்கு வேறொரு பஞ்சாங்கம். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்துவிடும். கல்யாண மாலைக்கு ஆளில்லை. பனியில் பூ வரத்தும் குறையும், கை கொஞ்சம் ஓயும். ஜூன் அப்படியல்ல. வைகாசி முகூர்த்தங்கள் அதில் பாதிவரை நீளும். கூலி நன்றாகக் கிடைக்கும் அந்த நாட்களில்தான், நார்க்கட்டுக்குப் பக்கத்தில் ஹால் டிக்கெட்டும் வந்து உட்கார்ந்திருக்கும்.