ஒரு வளவில் எத்தனை முதுசம்



கிழக்கிலங்கைக் கரையில் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை மேடைதோறும் ஒரு முறைப்பாடு கேட்கிறது. மூத்தவர்கள் கட்டிக் காத்த மரபின் அருமை இளையவர்களுக்குத் தெரியவில்லை என்பதே அது. ஒரு குடும்பத்துக்கு ஒரே முதுசம் உண்டு, அதைச் சிலர் மதிக்கிறார்கள், சிலர் மதிப்பதில்லை என்ற நினைப்பில் இந்த முறைப்பாடு நிற்கிறது. எங்கள் பகுதி முஸ்லிம்களின் குடும்ப அமைப்பைப் பார்த்தால் அந்த நினைப்பே தவறு என்று தோன்றுகிறது. இங்கே ஒரு கூரையின் கீழ் இருப்பவர்களுக்கு முதுசம் ஒரே உருவில் வந்து சேர்வதில்லை. ஒருவருக்கு அது வீடாக வருகிறது. இன்னொருவருக்குக் கடனாக வருகிறது. வேறொருவருக்கு வெறும் பெயராக வருகிறது. அவரவர் கையில் எது வந்து விழுந்ததோ அதைப் பொறுத்தே அவரவர் மதிப்பும் அமைகிறது.

குடி எனப்படும் தாய்வழிக் குல முறையை எடுத்துக்கொள்வோம். பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் திருமணம் கூடாது. ஆகவே வாப்பா ஒரு குடி, அவர் மனைவியும் பிள்ளைகளும் இன்னொரு குடி. பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் மரைக்காயர் எனப்படும் பிரதிநிதி உண்டு. பழைய வழக்கப்படி அந்தப் பொறுப்பு மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். அப்படியானால் மரைக்காயராக இருந்த வாப்பாவின் பெருமை அவர் வாழும் வீட்டுக்கு உரியதன்று. அவர் பிறந்த வீட்டுக்கு, அவருடைய ராத்தாவின் பிள்ளைகளுக்கு உரியது. பெற்ற மகன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அதை நன்றிகெட்டதனம் என்று சொல்ல முடியுமா? முறையே அவனை அதற்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. இந்தத் தாய்வழி முறை நமக்கு மட்டும் உரிய புதினமும் இல்லை. எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' தமிழர் குடிகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் தமிழரின் தாய்வழிக் குடிகளையும் முஸ்லிம்களின் குடிகளையும் அருகருகே வைத்து ஆராய்கிறார். மட்டக்களப்புத் தமிழ்ச் சமூகத்தவரான முக்குவரின் வாரிசு வழமையை கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாக்கியது 1876இல். அந்த வழமையைச் செல்லாததாக்கிய சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். ஏட்டில் சட்டம் மாறிய பிறகும் வளவுக்குள் வழக்கம் மாறவில்லை.

வளவுக்குள் என்ன நடக்கிறது? மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசியதும் வீட்டு உறுதி அவள் பெயரில் முடிகிறது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளோடு பக்கத்தில் எழுப்பிய அடுத்த வீட்டுக்கு நகர்கிறார்கள். இரண்டாவது மகளின் கலியாணத்தோடு அதுவும் கைமாறும். சில ஆண்டுகளில் அந்த வளவு சகோதரிகளின் வளவாகிவிடும். இடையில் மதில் எழும்பினாலும் குசினிப் பக்கத்தால் போய்வர ஒரு வழி விட்டிருப்பார்கள். மகளுக்கு இந்த முதுசம் கல்லும் மண்ணுமாகக் கையில் கிடைக்கிறது. அவளுடைய மூத்த சகோதரரான காக்காவுக்கோ அது, அந்த வீட்டைக் கட்டக் கட்டார் வெயிலில் கழிந்த ஆண்டுகள், தள்ளிப்போன தன் திருமணம், சீமெந்து விலை. பிறந்த வீட்டில் அவருக்கு ஓர் அறையும் மிஞ்சாது. இவர்கள் இருவரும் "எங்கள் மரபு" என்ற சொல்லை ஒரே தொனியில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இங்கே உலமாக்கள் தரப்பிலிருந்து வலுவான ஓர் ஆட்சேபம் எழும். மார்க்கம் மணமகன் மஹர் கொடுக்கச் சொல்கிறது; நாமோ மாப்பிள்ளைக்குச் சீதனமும் ரொக்கக் கைக்கூலியும் கொடுக்கிறோம்; இதைப் போய் முதுசம் என்பதா? கைக்கூலியைப் பொறுத்தவரை என்னிடம் மறுமொழி இல்லை. அது ஒழியட்டும். வீட்டை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி, மரண சாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவரவர் மத்ஹப் எனும் சட்டப் பிரிவின்படி பிரியும். மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. உயிரோடு இருக்கும்போதே பெற்றோர் மகளுக்கு எழுதிக் கொடுப்பது அந்தப் பங்கீட்டை மீறுவதாகாது, அது அன்பளிப்பு. பிள்ளைகளிடையே அன்பளிப்பில் நீதி வேண்டும் என்ற நபிமொழியை ஆண்மக்கள் நினைவூட்டினால் அதுவும் நியாயமான வாதமே. எனினும் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டவியல், குர்ஆன், ஹதீஸின் தெளிவான வாசகமான நஸ்ஸுக்கு முரணில்லாத ஊர் வழமைக்கு இடம் தருகிறது. வீடு மனைவியுடையது என்பதால், தலாக்குக்குப் பிறகு வீட்டைவிட்டுப் போக வேண்டியவர் கணவர்தான் என்ற நிலை எங்கள் பெண்களுக்கு எவ்வளவு பெரிய காப்பு என்பதை காதி நீதிமன்ற வாசலில் நிற்கும் எவரும் அறிவர்.

வீடு பெண்ணின் பெயரில் இருப்பதன் அருமையை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எல்லோரும் கண்டோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத்தில் கடல் கொண்டுபோன வீடுகளில் மிகப் பல பெண்களின் பெயரில் இருந்தவை. மாற்று வீடு கொடுக்க வந்த திட்டங்கள் 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டன. பல இடங்களில் ஆணின் பெயரில் வீடு பதிவானது. மரபைக் கெடுக்க வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை. படிவத்தில் அந்த ஒரு கட்டம்தான் இருந்தது. முதுசத்தில் யாருக்கு என்ன பங்கு என்று தெரியாமல் செய்யும் உதவிகூடப் பங்கைப் பறித்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கையில் பிடிக்க முடியாத முதுசத்திலும் இதே பிளவுதான். வயல் வெளியில் பிறந்த நாட்டார் கவிகளை மூத்தம்மாக்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். காதலும் ஏச்சும் கலந்த அந்தப் பாட்டுகளை, கல்வி கற்ற மகன்மார் வெட்கக்கேடாக நினைத்து வாயை அடைத்தார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்து அச்சேற்றிய பிறகு அதே கவி, பேத்தியின் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பொருளாகிறது. அவள் அதை மேற்கோளாக மதிக்கிறாள்; மூத்தம்மாவுக்கு அது களை பிடுங்கிய வெயிலின் ஞாபகம். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளும் அப்படித்தான். பல பெண்கள் அறிந்திருந்த ஒரே எழுத்து அதுவாக இருந்தது. பாடசாலைத் தமிழ் படித்த பிள்ளைகளுக்கு அவை வாசிக்க முடியாத பழந்தாள்கள். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியின் பன்னிரண்டு நாள் கொடியேற்ற விழாவுக்கு உம்மா நேர்ச்சை அனுப்புவதும், மகன் அதை இணைவைப்பு என்று தடுப்பதும் நாம் அறிந்தவை. அவன் மரபைத் துறந்தவன் என்று சொல்லிவிடுவது எளிது. அவனோ ஊர் மரபைவிட மூத்த மரபொன்றைப் பற்றியிருப்பதாகவே நம்புகிறான். அந்த நம்பிக்கையைக் கேலி செய்து பேசும் பண்பாட்டு மேடைகள் உம்மாவுக்கும் உதவுவதில்லை.

குடி என்பது சாதியின் நிழல், அது மறைந்தால் நல்லது என்பாரும் உண்டு. குடிகளுக்குள் ஏற்றத்தாழ்வு பேசப்பட்டது உண்மை. பள்ளிவாசல் பதவிகள் சில குடிகளுக்குள் சுற்றியதும் உண்மை. கீழே வைக்கப்பட்ட குடியில் பிறந்தவர் இந்த முதுசத்தைக் கொண்டாட மறுத்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் மறுப்பும் அதே மரபின் வரலாற்றில் சேர வேண்டியதே. மரபைப் பதிவு செய்யப் புறப்படுகிறவர்கள் வீட்டில் மூத்த ஆண் ஒருவரை மட்டும் கண்டு பேசிவிட்டுத் திரும்புவது அதனால்தான் போதாது. ராத்தாவிடம் ஒரு கதை இருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த காக்காவிடம் ஒன்று, வந்து குடியேறிய மாப்பிள்ளையிடம் மற்றொன்று. அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் போனால் பொருந்தாதபடியே எழுதி வைக்கலாம்.

இப்போது நிலம் சுருங்கிவிட்டது. கரையோர ஊர்களில் வளவைப் பிரிக்க இடமில்லாமல் இளைய மகளுக்கு மேல்மாடியை எழுதிக் கொடுக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரி ராத்தா, மேல்வீட்டுக்காரி தங்கச்சி. கொழும்பில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குக் குடிப் பெயர் தெரியும், அந்தக் குடியோடு வர வேண்டிய நிலம் இல்லை. நிலமில்லாத குடிக்கு மரைக்காயர் எதற்கு என்ற கேள்வியை அந்தப் பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். பள்ளிவாசல் நிருவாகங்கள் அதற்கு இன்னும் மறுமொழி தேடவில்லை.