சொத்தும் சாவியும்

கிரிப்டோ நாணயமும் சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறிற்று. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் சந்தையில் ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோன பின் எழுந்த வழக்கு அது. அந்நாணயத்தை வாங்குமாறு நான் கூற வரவில்லை. வைத்திருப்போர் அதைக் காக்கும் வழியையே கூறுகிறேன்.

நாணயம் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதைச் செலவிடும் இரகசியச் சாவியே நம் கையில் உள்ளது. அச்சாவியை இணையத்திற்குக் காட்டாமல் காக்கும் சிறு கருவிதான் ஹார்டுவேர் வாலட். அதனைத் தயாரிப்பாளரிடமே வாங்குதல் நன்று. முதன்முறை இயக்குகையில் அது 12 அல்லது 24 சொற்களைத் தரும். அவையே சாவியின் வித்து. முன்னரே அச்சிட்ட சொற்களுடன் கருவி வந்தால், அது கள்வன் வைத்த கண்ணி.

எங்கள் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில், அறக்கொடைகளை யாவரும் காணக் கல்லில் பொறித்தனர் முன்னோர். இச்சொற்களும் அவ்வாறே அழியாதிருத்தல் வேண்டும்; ஆனால் பிறர் எவரும் காணலாகாது. கையால் எழுதி இரண்டிடங்களில் வையுங்கள். படம் பிடிக்காதீர்கள். யார் கேட்பினும் சொல்லாதீர்கள். பெருந்தொகையை இடுமுன், கருவியின் நினைவைத் துடைத்துவிட்டு, எழுதிய சொற்களால் மீட்டுப் பாருங்கள்.

வாசிர்எக்ஸ் களவில், திரையில் தோன்றியது ஒன்று, ஒப்பமிடப்பட்டது மற்றொன்று என அந்நிறுவனம் கூறிற்று. ஆதலின், அனுப்பும் போதெல்லாம் கருவியின் திரையிலேயே முகவரியைப் படித்த பின்னரே இசைவு தாருங்கள்.

கருவி உடைந்தால் வேறொன்று வாங்கலாம். கருவியும் சொற்களும் ஒருங்கே போயின், மீட்டுத்தர எந்த வங்கியும் இல்லை.